அந்த 11 படங்களை நான் ஏன் போடவில்லை



சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு வீடு தீப்பிடித்த செய்தி நம் குழுவில் வந்ததும் பலர் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தீர்கள். மிக்க நன்றி. எங்கள் வீட்டுக்கு ஒன்றுமில்லை. எரிந்தது நான்கு வீடு தள்ளி இருக்கும் வீடு. அந்தக் குடும்பத்தாரும் உயிர் தப்பினார்கள். அவர்கள் பெயரையும் தெருவின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. தாம்பரம் கிழக்கில், சேலையூர்ப் பக்கம் என்பது போதும்.

"சார், நீங்க போட்டோ எடுத்தீங்களாமே, போடுங்க சார்" என்று மூன்று நான்கு பேர் கேட்டீர்கள். எடுத்தது உண்மை. மொத்தம் 11 படங்கள். ஆனால் போடப் போவதில்லை. ஏன் என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம்தான். ஆனால் பாடம் நடத்தாமல் என்னால் எதையும் சொல்ல முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். சமூக அறிவியல் வகுப்பில் பொறுத்துக்கொண்டது போல இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு ஒன்றரை மணி இருக்கும். ஏதோ பட்டாசு வெடித்தது போலச் சத்தம். எழுந்து வெளியே வந்தால் அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் தீ. இரவில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டரிலிருந்து பற்றியது என்று பிறகு சொன்னார்கள். யாரோ 101-க்குப் போன் செய்துவிட்டார்கள். தாம்பரத்திலிருந்து வண்டி வந்தது. வீரர்கள் இறங்கியதும் முதலில் தண்ணீரைப் பீய்ச்சவில்லை. மின் இணைப்பைத் துண்டித்தார்களா, உள்ளே எத்தனை பேர், சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று இந்த மூன்றையும்தான் கேட்டார்கள். அப்போது என் கையில் கைபேசி இருந்தது. என்னைச் சுற்றி நின்ற முப்பது நாற்பது பேர் கையிலும் இருந்தது. எல்லோரும் எடுத்தோம். நானும் எடுத்தேன்.

தீயைப் படம் எடுப்பது நாம் தொடங்கி வைத்த பழக்கம் அல்ல. புகைப்படக் கலை பிறந்து மூன்றே ஆண்டுகளில் அதுவும் தொடங்கிவிட்டது. 1839-இல் பிரான்சில் தாகேர் என்பவரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1842 மே மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பெருந்தீ. மே 5 முதல் 8 வரை நகரின் நடுப்பகுதி எரிந்தது. ஹெர்மன் பியோவ் என்பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் படங்கள் எடுத்தார். உலகின் மிகப் பழைய செய்திப் படங்களில் அவற்றைச் சேர்க்கிறார்கள். ஆனால் அவற்றில் தீயும் இல்லை, தீயை அணைப்பவரும் இல்லை. இடிபாடுகள் மட்டும்தான். அந்தக் காலத்தில் ஒரு படம் தகட்டில் பதிய நேரம் பிடிக்கும். அசையும் எதுவும் பதியாது. சுடர் அசையும், மனிதன் ஓடுவான். இடிந்த சுவர் மட்டும் அசையாமல் நிற்கும். ஆகவே சுவர் பதிந்தது.

1853 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் ஆஸ்வீகோ என்ற ஊரில் ஆலைகள் எரிந்தன. ஜார்ஜ் பர்னார்ட் என்பவர் அவை எரியும்போதே படம் எடுத்தார். புகை தெரிகிறது. தீயின் நிறம் கறுப்பு வெள்ளையில் வராதே, அதற்காகக் கையால் சிவப்பு வண்ணம் தீட்டினார்கள். அதுவும் தொலைவில் நின்று எடுத்ததுதான்.

இரவில் படம் எடுக்க இன்னும் 30 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியம் பொடியை வேறு வேதிப்பொருள்களோடு கலந்து ஒரே நொடியில் எரியவிடும் பொடியைக் கண்டுபிடித்தார்கள். வேடிக்கையைப் பாருங்கள், இருட்டில் தீயைப் படம் எடுக்க வேண்டுமானால் படம் எடுப்பவரும் ஒரு தீயைக் கொளுத்த வேண்டும்! அந்தப் பொடியால் கையும் முகமும் வெந்துபோனவர்கள் உண்டு. 1930 வாக்கில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்ப் வந்த பிறகுதான் அந்த ஆபத்து குறைந்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னையில் தீயணைப்புப் படை 1908-இல் தொடங்கியது. ஆறே ஆண்டுகளில் இந்த ஊர் அதுவரை காணாத ஓர் இரவுத் தீயைப் பார்த்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி அளவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் கடலில் நின்று சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. துறைமுகத்துக்கு அருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டன. ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. "அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிகள் சொன்னது அந்தக் கப்பலை வைத்துத்தான். எரிந்த தொட்டிகளின் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றிலும் நாம் பார்ப்பது புகையும் தொட்டியும்தான். அந்த இரவில் அங்கே தண்ணீர் இறைத்தவர்கள் யார், அவர்கள் முகம் எப்படி இருந்தது என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

தீயணைப்பு வீரரின் முகம் படத்துக்குள் வந்தது இரண்டு பேரால் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒருவர் நியூயார்க்கில் இருந்த வீஜி. உண்மைப் பெயர் ஆர்தர் ஃபெலிக். 1938-இல் காவல்துறையின் வானொலியைத் தன் காரிலேயே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். காரின் பின்பெட்டிதான் அவருடைய வேலைக்கூடம். தீ என்று கேட்டதும் இரவோடு இரவாகப் போய் நிற்பார். பிளாஷ் பல்ப் வெளிச்சத்தில் வீரர்களையும் எடுத்தார், வீடிழந்தவர்களையும் எடுத்தார், வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் விடாமல் எடுத்தார். 1939-இல் புரூக்லினில் எரியும் வீட்டைப் பார்த்து ஒரு தாயும் மகளும் கதறும் படம் அவர் எடுத்ததில் பெயர் பெற்றது. உள்ளே சிக்கியது அந்தத் தாயின் இன்னொரு மகளும் பேரக்குழந்தையும். அந்தப் படத்தை எடுக்கும்போது தானும் அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும் எடுத்தார். அது சரியா என்ற கேள்வி அன்றே பிறந்துவிட்டது.

இன்னொருவர் லண்டனின் பெர்ட் ஹார்டி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் இரவிரவாக லண்டன் மேல் குண்டு போட்டபோது, தீயணைப்பு வீரர்களோடு கூடவே போய்ப் படம் எடுத்தார். 'பிக்சர் போஸ்ட்' என்ற வார இதழ் 1941 பிப்ரவரி 1 இதழில் அந்தப் படங்களை வெளியிட்டது. படம் எடுத்தவர் பெயரைப் போடும் வழக்கம் அந்த இதழில் அதுவரை இல்லை. அந்த முறை வழக்கத்தை மாற்றிப் பெயரைப் போட்டார்கள். வீரர்கள் நின்ற ஆபத்தில் அவரும் நின்றார் என்பதுதான் காரணம். அந்தப் படங்களைப் பார்த்த மக்கள் தங்களுக்காக இரவில் யார் தண்ணீர் குழாயைப் பிடிக்கிறார்கள் என்று முதல்முறையாக நேரில் பார்த்தது போலப் பார்த்தார்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டைக்கின்' என்ற கப்பலில் தீப்பிடித்தது. உள்ளே வெடிமருந்தும் பஞ்சுப் பொதிகளும் இருந்தன. அணைக்கப் போன வீரர்கள் பக்கத்திலேயே நின்று தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கும்போது கப்பல் வெடித்தது. 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். இன்று ஏப்ரல் 14-ஐ நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிப்பது அவர்கள் நினைவாகத்தான். லண்டன் வீரர்களின் படத்தை மூன்று ஆண்டுகளுக்கு முன்பு உலகமே பார்க்க அனுமதித்த அதே அரசு, பம்பாய்ச் செய்தியைத் தணிக்கை செய்தது. மே மாதம் இரண்டாம் வாரம் வரை நிருபர்கள் செய்தியை அனுப்ப முடியவில்லை. ஒரு தீயைப் படம் எடுத்துக் காட்டுவதா மறைப்பதா என்பதில் அரசியலும் இருக்கிறது பிள்ளைகளே. ஆகவே "படமே எடுக்கக் கூடாது" என்று நான் சொல்லவில்லை. தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள்.

அடுத்து 1975 ஜூலை. அப்போது நான் பள்ளி மாணவன். ஜூலை 11 அன்று மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் பற்றி எரிந்தது. 1959-இல் திறந்தது, 177 அடி உயரம். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துப் போய் அண்ணாந்து பார்க்க வைத்த கட்டடம். மாடிப்படிகளும் லிப்ட் செல்லும் குழியும் குளிர்சாதனக் குழாய்களும் புகைபோக்கி மாதிரி தீயை மேலே இழுத்தன. நல்லவேளை உயிரிழப்பு இல்லை. நாளிதழில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தை அப்பா எங்களுக்குக் காட்டியது நினைவிருக்கிறது. உயர்ந்த கட்டடத்தில் மாடிப்படியே தீக்கு வழி ஆகும் என்று நான் முதலில் தெரிந்துகொண்டது அந்த நாளில்.

சரியாக 11 நாள் கழித்து, ஜூலை 22 அன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் இன்னொரு தீ. ஸ்டான்லி ஃபோர்மன் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர், ஒரு வீரர் ஒரு பெண்ணையும் குழந்தையையும் ஏணி வழியாகக் காப்பாற்றப் போகிறார் என்று நினைத்துக் கேமராவை உயர்த்தினார். அந்த நொடியில் கட்டடத்தின் வெளிப்பக்கத்தில் இருந்த அவசர இரும்புப் படி பெயர்ந்து விழுந்தது. 19 வயதுப் பெண் இறந்தார். 2 வயதுக் குழந்தை அவர் மேல் விழுந்ததால் பிழைத்தது. வீரர் ஏணியைப் பிடித்துத் தொங்கித் தப்பினார். விழும்போது எடுத்த அந்தப் படத்துக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. "சாகும் நேரத்தையா படம் போடுவது?" என்று வாசகர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகுதான் பாஸ்டனிலும் வேறு பல நகரங்களிலும் பழைய அவசரப் படிகளைச் சோதிக்கவும் பழுது பார்க்கவும் விதிகள் கடுமையாயின.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் செய்தி ஒன்று உண்டு. அவர்கள் தரையை அடையும் நேரத்தில் ஃபோர்மன் திரும்பிக்கொண்டார். அதை அவர் பார்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. எடுத்தவருக்கே எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

2004 ஜூலை 16 பற்றி உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்தில் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அது பகலில் நடந்தது. ஆனாலும் இந்தப் பாடத்தில் அதை விட முடியாது. கூரை எரிந்து சுவர் மட்டும் நின்ற வகுப்பறையின் படம் அடுத்த நாள் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் போனது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகை கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. அப்போது நான் வேலை பார்த்த பள்ளியிலும் ஒரு கொட்டகை இருந்தது. அதைப் பிரித்தபோது நானும் நின்று பார்த்தேன். உங்களில் சிலர் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து என்னிடம் படித்தவர்கள். 2009-இல் உச்ச நீதிமன்றமும் நாடு முழுவதும் பள்ளிகளில் தீ பாதுகாப்பு வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்த ஒரு தீயும் அதன் படங்களும் செய்த வேலை அது.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பெற்றோர் எந்தப் படத்தின் முன் விளக்கேற்றுகிறார்கள் தெரியுமா? எரிந்த வகுப்பறைப் படத்தின் முன் அல்ல. குழந்தைகளின் முகம் தெரியும் படங்களின் முன். எண்ணெய் தடவி வாரி, சீருடையோடு நேராகப் பார்க்கும் முகங்கள். ஊருக்கு ஒரு படம் வேண்டும், பெற்றவளுக்கு வேறு படம் வேண்டும். படம் எடுக்கும்போது இதை நாம் மறந்துவிடுகிறோம்.

2012 பொங்கல் அன்று நள்ளிரவில் சேப்பாக்கத்தில் கலச மஹால் எரிந்தது. 1768 வாக்கில் ஆற்காடு நவாப் கட்டிய அரண்மனை, அப்போது அரசு அலுவலகமாக இருந்தது. அணைக்க உள்ளே போனவர்கள் மேல் கூரை இடிந்து விழுந்தது. முன்னணித் தீயணைப்பு வீரர் அன்பழகன் இறந்தார். கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் பலத்த தீக்காயத்தோடு தப்பினார். இந்தியாவில் இந்தப் பணிக்கு வந்த முதல் பெண் அதிகாரிகளில் அவரும் ஒருவர். ஊர் கரும்பு தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த இரவில், ஆளில்லாத ஒரு பழைய கட்டடத்துக்காக அவர்கள் உள்ளே போனார்கள். வெளியிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் அந்த உள்ளே தெரியாது.

அதற்குப் பிறகு ஐந்தே ஆண்டில் காலம் மாறிவிட்டது. 2017 மே 31 விடியற்காலையில் தி.நகர் உஸ்மான் சாலையில் சென்னை சில்க்ஸ் கட்டடத்தில் தீ. பகல் முழுவதும் எரிந்து, இரவும் எரிந்து, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. அதற்குள் நம் எல்லோர் கையிலும் கேமரா வந்துவிட்டிருந்தது. தொலைக்காட்சிக்கு முன்பே நம் கைபேசிக்குப் படங்கள் வந்தன. உங்களில் எத்தனை பேர் எனக்கே அனுப்பினீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அது நடந்து ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 15, சனிக்கிழமை இரவு. வட சென்னை கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் தீ. பூட்டிய கடை. வீரர்கள் வந்து அணைக்கும் வேலையில் இறங்கினார்கள். வாசலில் கூட்டம். அந்த நேரத்தில் உள்ளே இருந்த சமையல் எரிவாயு சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஏகராஜ் இறந்தார். நாற்பதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். வீரர்களும் காவலர்களும் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்க வந்து நின்ற பொதுமக்களும் அதில் இருந்தார்கள். பிறகு மருத்துவமனையில் மேலும் சிலர் இறந்தார்கள். கடையில் சாமான் வாங்கப் போனவர்களோ அங்கே வேலை செய்தவர்களோ அல்ல அவர்களில் பலர். தெருவில் நின்றவர்கள்.

இந்தப் பாடத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். 1842-இல் கேமராவே மனிதனைத் தடுத்தது. கனமான பெட்டி, பதிய நேரம், தொலைவில்தான் நிற்க முடியும். பிறகு பொடி தடுத்தது, பல்பின் விலை தடுத்தது, பிலிம் தடுத்தது. ஒரு தீக்கு ஒருவரோ இருவரோதான் படம் எடுத்தார்கள். அவர்களுக்கு அது தொழில். எங்கே நிற்பது, எப்போது கேமராவைத் தாழ்த்துவது என்று பழகியிருந்தார்கள். இன்று நம்மைத் தடுக்க ஒன்றுமில்லை. கருவி போட்டு வைத்திருந்த கோடு அழிந்துவிட்டது. அந்தக் கோட்டை இனி நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது எங்கள் தெருவுக்குத் திரும்பி வருகிறேன். நான் மூன்றாவது படமோ நான்காவது படமோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் இளம் வீரர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர் என் முன்னால் நின்றார். கோபப்படவில்லை. "ஐயா, போட்டோ அப்புறம் எடுக்கலாம். அந்த ஸ்கூட்டர் யாருதுன்னு தெரியுமா? வண்டி உள்ள வர முடியல" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். தெரு முனையில் தீயணைப்பு வண்டி நின்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் யாரோ நிறுத்திய கார். மறுபக்கம் ஒரு பழைய ஸ்கூட்டர்.

அது என்னுடைய ஸ்கூட்டர்.

வீட்டுக்குள் ஓடிச் சாவியைத் தேடி, கண்ணாடியைத் தேடி, வந்து எடுப்பதற்குள் மூன்று நான்கு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் நாலு பையன்கள் அதைத் தூக்கியே ஓரமாக வைத்துவிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வாட்டர் டெண்டரில் சாதாரணமாக 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 450 லிட்டர் போனால் 10 நிமிடத்தில் தீர்ந்துவிடும். வண்டி தொலைவில் நின்றால் குழாயை நீட்ட வேண்டும், நீட்ட நீட்ட அழுத்தம் குறையும், நேரமும் போகும். அவர்களுக்கு நிமிடம்தான் ஆயுதம். அதில் மூன்றை நான் தின்றுவிட்டேன், கையில் கேமராவை வைத்துக்கொண்டு.

அந்த வீட்டுப் பெரியவருக்குக் கையில் தீக்காயம். இப்போது ஆறி வருகிறது. முன் அறையும் சமையலறையின் ஒரு பகுதியும் போயிற்று. அந்த மூன்று நிமிடத்தால் எவ்வளவு கூடுதலாக எரிந்தது என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. அவர்கள் கேட்காததுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு வாரம் கழித்து அவரிடம் போய் நானே சொன்னேன். "அட விடுங்க சார், எல்லாரும்தான் நிறுத்துறோம்" என்றார்.

எங்கள் பக்கத்துத் தெருக்களெல்லாம் சைக்கிளும் மாட்டுவண்டியும் போன காலத்தில் போட்ட மனைப்பிரிவுகள். 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. பெயர் பெரிதாயிற்று, தெரு பெரிதாகவில்லை. வீட்டுக்கு இரண்டு வண்டி. அத்தனையும் இரவில் தெருவில்.

சரி, அந்த 11 படங்கள் என்ன ஆயின?

மூன்று படங்களில் வெறும் மஞ்சள் வெளிச்சம்தான். கை நடுங்கியிருக்கிறது. அழித்துவிட்டேன்.

மூன்று படங்களில் அந்த வீட்டு அம்மா தெருவில் நிற்கிறார். இரவு உடை, தலைமுடி அவிழ்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார். தினமும் காலையில் குளித்துக் கோலம் போட்டுவிட்டு "காபி ஆச்சா சார்" என்று கேட்கும் அம்மா. அந்தப் படம் யாருக்கு எதற்கு வேண்டும்? எந்தச் சட்டம் அதனால் மாறும்? அவரிடம் சொல்லிவிட்டே அழித்தேன்.

மூன்று படங்களில் எரியும் தாழ்வாரமும் மீட்டர் பெட்டியும் தெளிவாக இருக்கின்றன. காப்பீட்டுக்கு உதவும் என்று வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு படத்தில் தெரு முனை தெரிகிறது. பின்னால் சுழலும் விளக்கோடு தீயணைப்பு வண்டி, முன்னால் காரும் என் ஸ்கூட்டரும், இடையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்த கைகள். எப்போது எடுத்தேன் என்றே நினைவில்லை. தவறுதலாக விரல் பட்டிருக்கும். அந்தப் படத்தைக் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் காட்டினேன். ஸ்கூட்டர் என்னுடையது என்றும் சொன்னேன். இரண்டு முனைகளிலும் வண்டி நிறுத்தக் கூடாது என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறோம். இன்னும் ஒருவர் நிறுத்தத்தான் செய்கிறார். தினமும் போய்க் கதவைத் தட்டுகிறேன்.

கடைசிப் படம் தீ அணைந்த பிறகு எடுத்தது. அந்த இளம் வீரர் நடைமேடையில் உட்கார்ந்து, ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுச் சொம்பில் தண்ணீர் குடிக்கிறார். முகமெல்லாம் கரி. இந்த முறை கேட்டுவிட்டு எடுத்தேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார். "போடாதீங்க சார், ஊர்ல அம்மா பார்த்தா பயப்படுவாங்க. வேலை ஆபீஸ் மாதிரின்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார். ஒரு பிரதி அச்சிட்டு நிலையத்தில் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். இன்னொரு பிரதி என் மேசையில் இருக்கிறது. வீட்டுக்கு வரும்போது காட்டுகிறேன்.

வீட்டுப்பாடம் இல்லாமல் விடமாட்டேன். சுருக்கமாக எழுதிக்கொள்ளுங்கள். தீயைப் பார்த்தால் முதலில் 101 அல்லது 112. அடுத்து உங்கள் வண்டியை நகர்த்துங்கள். சிலிண்டர் எங்கே இருக்கிறது, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வீரர்களிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டுத் தள்ளிப் போங்கள், நன்றாகத் தள்ளி. இதையெல்லாம் செய்த பிறகும் படம் எடுக்க நேரம் இருந்தால் எடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் இந்தப் படம் யாருக்கு உதவும் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்று இரவு தூங்கப் போகும் முன் வாசலுக்கு வந்து உங்கள் தெருவை ஒரு தடவை பாருங்கள். ஒரு தீயணைப்பு வண்டி உள்ளே வர முடியுமா? முடியாவிட்டால் யாருடைய வண்டி குறுக்கே நிற்கிறது? என்னுடையதாக இருந்தது போல உங்களுடையதாகவும் இருக்கலாம்.

அனைவரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்